ஏற்காட்டில் சோதித்த மேப்போடு முக்திநாத் வரை

அம்மா சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயிலுக்குச் சனிக்கிழமை தவறாமல் போகிறவர். முக்திநாத் தீர்த்தம் ஒரு சொட்டாவது தலையில் தெளித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, நேபாளத்தில் இருக்கிற முக்திநாத்தான் என்று வைணவர்கள் கொண்டாடுகிறார்கள். இப்போது ஜீப்பிலேயே போய் வந்துவிடலாம். எனக்கு நடந்து போக வேண்டும் என்று இருந்தது. பெசிசஹாரில் தொடங்கி, மர்ஸ்யாங்டி ஆற்றை ஒட்டி மனாங் வரை ஏறி, 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் முக்திநாத்தில் இறங்குகிற பாதை. அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் பெரும்பகுதி அதுதான். 2022 அக்டோபரில் நானும் மச்சானும் அதை நடந்து முடித்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி.

போக நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மேப், எந்தப் புத்தகம் என்றுதான். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. நானே முதலில் தப்பானதைத்தான் வாங்கினேன். எது சரியானது என்று கண்டுபிடிக்க ஒன்பது மாதம் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் நடக்க வேண்டியிருந்தது. அதனால் அந்த ஒன்பது மாதத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சின்ன ஆஃப்செட் அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், காலண்டர், இதுதான் தொழில். முதலில் தபாலில் வரவழைத்த அன்னபூர்ணா மேப்பைப் பிரித்ததும் என் கண் போனது அச்சுக்குத்தான். வழவழப்பான ஆர்ட் பேப்பர், பளிச்சென்ற வண்ணம். ஆனால் ரிஜிஸ்டர் விலகியிருந்தது. மேப் அச்சடிக்கும்போது நிறத்துக்கு ஒரு பிளேட். ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். பழுப்பு நிறத்தில் சம உயரக் கோடுகள், நீலத்தில் ஓடைகள். அந்தக் கோடு ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது மலைப்பக்கம் கூராக உள்வாங்கி வளையும். ஓடை அந்தக் கூர் முனைகளின் வழியாகத்தான் இறங்க வேண்டும், தண்ணீர் வேறெங்கும் ஓடாது. நான் வாங்கிய தாளில் நீலம் முழுக்க ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வலப்பக்கம் தள்ளி, ஓடைகள் எல்லாம் மலை முதுகின் மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தன. 1:1,00,000 அளவையில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். பாதையும் அதே விலகிய பிளேட்டில் இருந்தால், பாலத்தைத் தேடி நாம் 100 மீட்டர் தப்பான இடத்தில் நிற்போம்.

இதைப் பார்க்க அச்சுத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடையில் மேப்பைப் பிரித்து, ஏதாவது ஒரு ஓடையைப் பிடித்துக்கொண்டு, அது பழுப்புக் கோடுகளின் கூர் முனை வழியாகவே போகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். போகவில்லை என்றால் அதே மேப்பின் இன்னொரு பிரதியைக் கேளுங்கள். ஒரு பிரதியில் விலகியது இன்னொன்றில் சரியாக இருக்கலாம்.

சரி, கோடு சரியாக இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டுமே? பள்ளிக்கூடத்தில் புவியியல் தேர்வுக்குப் படித்தது எதற்கும் உதவவில்லை. அதனால்தான் முதலில் நம் மலையை மேப்பில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களை 2017-லிருந்து அவர்களுடைய இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ள முடிகிறது. ஒரு காலத்தில் மலைப்பகுதி டோப்போ ஷீட் (இந்த நில அளவைத் தாள்களுக்கு அதுதான் பெயர்) ஒன்றைப் பார்க்கவே அலைய வேண்டியிருந்ததை நினைத்தால் இது பெரிய விஷயம். தாளில் 2 சென்டிமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர். 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, ஐந்தாவது கோடு தடிமனாக இருக்கும்.

இறக்கிப் பார்த்ததும் முதல் பாடம் கிடைத்தது. பழைய எண்வரிசையில் ஏற்காடு 58 ஐ/1 என்ற தாளில் வருகிறது, அதுவும் அந்தத் தாளின் தென்கிழக்கு மூலையில். ஏரியிலிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டர் போனால் தாள் முடிந்து ஐ/2 வந்துவிடும். சேலம் நகரம் அதில் இருக்கிறது. கிழக்கே நாலைந்து கிலோமீட்டர் போனால் ஐ/5. தென்கிழக்கே குப்பனூர்ப் பக்கம் சரிகிற மலை ஐ/6. புதிய வரிசையில் எண்கள் மாறியிருக்கின்றன, தாள் வெட்டும் இடம் அதேதான். ஒரே நாளில் நடந்து முடிக்கிற தூரத்துக்கு நான்கு தாள்! இதற்குப் பிறகு எந்த மேப்பை வாங்கினாலும் முதலில் நான் பார்ப்பது என் பாதை தாளின் நடுவில் போகிறதா, ஓரத்தில் போகிறதா என்பதைத்தான். ஓரத்தில் போனால் அடுத்த தாளும் வேண்டும். நெடும்பாதைகளுக்கென்று தனியாகப் போடும் மேப்புகள் பாதையை நடுவில் வைத்துத் தாளை வெட்டுகின்றன. அரசுத் தாள்களைவிட அவை வசதியாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இது.

2022 ஜனவரியிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனோம். காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். (2024-ல் தமிழ்நாடு வனத்துறை மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவோடு திறந்தபோது சேலம் மாவட்டத்துப் பாதைகளும் அதில் இருந்தன. அது எங்களுக்கு இரண்டு வருஷம் முந்தி வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.) நாங்கள் நடந்தது ஊர்களுக்கு நடுவே போகும் சாலைகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும். நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை, சேர்வராயன் கோயில் மேடு. நின்று நின்று, தாளைத் திருப்பி வடக்கைச் சரி செய்து, எதிரே தெரிகிற மேட்டைக் கோட்டில் தேடுவோம்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 1,200 மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். அப்படியானால் 60 கோடுகள் இருக்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி அச்சகத்தில் உட்கார்ந்து பென்சில் முனையால் எண்ணினேன், இருந்தன. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எந்தெந்தக் கோட்டு நெருக்கத்தில் திரும்புகின்றன என்று பார்த்தபோதுதான், சிறுவயதிலிருந்து பஸ்ஸில் போகும் அந்த மலைச்சாலை ஏன் அங்கே வளைகிறது என்பது எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. கோடுகள் ஒட்டி நிற்கும் சரிவில் நேராக ஏற முடியாது. அகலமாக விலகும் இடம் வரை குறுக்கே போய்த் திரும்புகிறது. அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது. கால் அறிந்த மலையைத் தாளில் பார்த்தால்தான், கால் அறியாத மலையின் தாள் கண்ணுக்குள் எழுந்து நிற்கும்.

மச்சானுக்கு இந்தத் தாள் வேலையில் முதலில் ஈடுபாடு இல்லை. "செல்லிலேயே எல்லாம் இருக்குது மாமா, நாம எங்க நிக்கிறோம்னுகூட நீலப் புள்ளி காட்டுது" என்பான். அது உண்மைதான். செயலியில் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் புள்ளி நகரும், ஏனென்றால் இடம் காட்டுவது செயற்கைக்கோள். செல்போன் கோபுரம் இல்லாவிட்டாலும் நடக்கும். ஆனால் மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, அந்தச் செயலி காட்டிய புள்ளிக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு காப்பித் தோட்டத்து ஓரமாக ஒன்றரை மணி நேரம் இறங்கினோம். சில்வர் ஓக் மரங்கள், மிளகுக் கொடி, கீழே ஓடைச் சத்தம். பாதை ஒரு இரும்புக் கதவில் போய் முட்டியது, பூட்டு. அங்கே வேலையாக இருந்த பெரியவர் ஒருவர் வந்தார்.

"இந்த வழி அடைச்சு எட்டு வருஷமாச்சுங்க சாமி. யாரு சொன்னா உங்களுக்கு?"

மச்சான் செல்லைக் காட்டினான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல கோடு இருக்குது, கதவு இல்லையே" என்றார். பிறகு அவரே வேறு வழி சொன்னார், ஒரு கூப்பிடு தூரம் மேலே ஏறி வலப்பக்கம் திரும்பினால் தார் ரோடு என்று. கூப்பிடு தூரம் அரை மணி நேரமானது. ஆனால் வழி சரியாக இருந்தது.

மேப்பில் ஒரு கோடு இருந்தால், யாரோ எப்போதோ அந்த வழியாகப் போயிருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம். இன்றைக்கும் திறந்திருக்கிறதா, நமக்கு அனுமதி உண்டா என்பதைக் கோடு சொல்லாது. அதற்குத்தான் வழிகாட்டிப் புத்தகமும், அதைவிட உள்ளூர் வாயும். அன்றைக்குப் பிறகு மச்சானும் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினான். நானும் செயலியை இறக்கிக்கொண்டேன். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் தைரியமாக நடப்பது, முரண்படும் இடத்தில் நின்று கேட்பது என்று பழகிக்கொண்டோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவை முறையில் வரைந்தவை. செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை வேறு முறையில் வருபவை. செல் தரும் எண்ணை அப்படியே பழைய தாளில் குறித்தால் புள்ளி 100 மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். இப்போது இறக்கிக்கொள்ளும் புதிய தாள்கள் செல்போனோடு ஒத்துப்போகிற முறையில் இருக்கின்றன. எந்த மேப்பானாலும் ஓரத்தில் சின்ன எழுத்தில் இது போட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

நேரக் கணக்கையும் நம் மலையிலேயே போட்டுப் பார்த்தோம். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உபயோகத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 15 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரம் வருகிறது. பத்துக் கிலோ பையோடு எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு ஞாயிறும் குறித்து வைத்தேன். கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றரை மடங்குதான். வயது நாற்பத்தெட்டு, உட்கார்ந்து செய்கிற தொழில், அப்படித்தான் இருக்கும். வழிகாட்டிப் புத்தகத்தில் "மூன்று மணி நேர நடை" என்று போட்டிருந்தால், எழுதியவருடைய மூன்று மணி நேரம் அது. நம்முடைய மடங்கு எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

புத்தக விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் மனம் விட்டுச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் முதலில் வாங்கிய வழிகாட்டி நூலின் அட்டை புத்தம் புதிது. உள்ளே தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பார்த்தால் நாலைந்து வருஷங்கள் வரிசையாகப் போட்டிருந்தது. அச்சுத் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்தப் பக்கம்தான் ஜாதகம். மறுஅச்சு என்றால் பழைய பக்கங்களையே திரும்ப ஓட்டுவது. காகிதம் புதிது, விஷயம் பழையது. திருத்திய பதிப்பு என்று இருந்தால்தான் யாரோ உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள். அதிலும் எழுதியவர் நடந்த வருஷம் பதிப்பு வருஷத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தியதாகத்தான் இருக்கும். என் புத்தகத்தில் மனாங் வரை ஜீப் போகிறது என்ற செய்தியே இல்லை. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் வண்டிப்பாதை மனாங் வரை போகிறது. பழைய நடைபாதையின் பல பகுதிகள் அதன் அடியில் மறைந்துவிட்டன. தூசியிலும் ஹாரனிலும் மாட்டாமல் நடக்க மாற்றுப் பாதைகள் அமைத்து, பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைக் குறி போட்டிருக்கிறார்கள். கிளைப் பாதைகளுக்கு நீலமும் வெள்ளையும். வண்டிப்பாதையையும் இந்த மாற்றுப் பாதையையும் தனித்தனியாகக் காட்டாத மேப்பும் புத்தகமும் அந்த நடைக்குப் பயன்படாது. அங்கே போகும் யாரும் முதலில் இதைச் சோதித்துவிட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் வைத்திருக்கிறேன். 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. நம்மில் பலருக்கு அந்தச் செய்தி அதோடு முடிந்தது. அதன் மிச்சம் வடக்கே போய், இரண்டு நாள் கழித்து தோரோங் லா பக்கம் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. வெளிநாட்டுப் பயணிகள், வழிகாட்டிகள், சுமைதூக்கிகள் என்று 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வங்கக் கடலில் உருவாகிற புயல் இமயமலைக் கணவாயில் ஆளைக் கொல்லும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அக்டோபர்தான் அங்கே நடக்க நல்ல மாதம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும், அது சரியும்கூட. ஆனால் அதே மாதம்தான் நமக்குப் புயல் மாதம் என்பதையும் சேர்த்துச் சொல்கிற புத்தகம்தான் எனக்கு வேண்டியது. அதனால் கடையில் அன்னபூர்ணா புத்தகத்தைக் கையில் எடுத்தால் 2014 பனிப்புயலையும் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தையும் தேடுவேன். இரண்டும் இல்லை என்றால் திரும்ப வைத்துவிடுவேன். அங்கே இருந்தவரை தினமும் சாயங்காலம் தங்குமிடத்து வைஃபையில் வங்கக் கடல் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

உயரத்துக்கு உடம்பைப் பழக்குவதிலும் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின் இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு. என் பழைய புத்தகம் மனாங்கிலிருந்து கணவாய் அடிவாரத்தில் இருக்கும் தோரோங் பேதி என்ற இடத்துக்கு ஒரே நாளில் போகச் சொன்னது. 3,540-லிருந்து 4,450-க்கு, 900 மீட்டர்! நாங்கள் நடுவில் யாக் கர்க்காவில் ஒரு இரவு தங்கினோம். நாள்வாரித் திட்டத்தை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு இரவின் உயரத்தையும் பென்சிலால் ஓரத்தில் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். தலைவலியோடும் வாந்தியோடும் ஒருவரைக் கீழே இறக்கிக்கொண்டு போனதை வழியில் நேரில் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மனாங்குக்கு முன்னால் வரும் பீசாங்கில் பாதை இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதை ஆற்றோடு சமமாகப் போகிறது, மேல்பாதை கியாரு என்ற ஊருக்குச் செங்குத்தாக ஏறுகிறது. எங்களிடம் இருந்த மேப்பில் 100 மீட்டருக்கு ஒரு கோடு. அந்த ஏற்றத்தில் நான்கே கோடு, பார்க்க ஒன்றுமில்லை போல இருந்தது. மச்சான்தான் சொன்னான், "மாமா, நாலு கோடுன்னு பாக்காதீங்க, நம்ம தாள்ல இது இருபது கோடு." இருபது கோடு என்றால் என்ன என்று எங்கள் முழங்காலுக்குத் தெரியும். விடிகாலையில் கிளம்பி, ஒன்றரை மடங்குக் கணக்கு போட்டு, மதியத்துக்குள் மேலே போய்விட்டோம். மேல்பாதையில் பகலெல்லாம் உயரத்தில் நடப்பதால் உடம்பு பழகவும் நல்லது. எதிரே இரண்டாம் அன்னபூர்ணா முழுசாக நின்றது. இரண்டு மேப்பை ஒப்பிடும்போது கோடுகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று பார்க்காமல் ஒப்பிடவே கூடாது.

எடை பற்றி ஒன்று. நேபாளம் முழுவதற்குமான தடிப் புத்தகத்தில் எங்களுக்கு வேண்டியது அறுபது பக்கத்துக்குள்தான். அச்சகத்துக் கட்டிங் மெஷினில் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, நூல் போட்டுத் தைத்து, கெட்டி அட்டை ஒட்டினேன். புத்தகத்தை வெட்டக் கை வர எனக்கு இரண்டு நாளானது. மேப்பை லேமினேட் செய்யாதீர்கள், மடிக்க முடியாது, மடித்த இடத்தில் பிளந்து தண்ணீர் உள்ளே போகும். கிழியாத செயற்கைத் தாளில் அச்சான மேப் கிடைத்தால் கூடக் காசு கொடுத்து வாங்கலாம். சாதாரணத் தாள் என்றால் அன்றைய பகுதி வெளியே தெரிகிற மாதிரி மடித்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். குளிரில் செல்போன் சார்ஜ் கண்ணெதிரே இறங்கும்; இரவில் தூங்கும் பைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டால் காலையில் உயிரோடு இருக்கும். கணவாய் அன்று விடிகாலை நாலு மணிக்கு மச்சானுடைய செல் அணைந்துவிட்டது. பையிலிருந்து தாளை எடுத்தோம்.

எங்களோடு ஒரு உள்ளூர் வழிகாட்டியும் வந்தார். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைபயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று நேபாளத்தில் அறிவித்திருக்கிறார்கள்; கிளம்பும் முன் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டி இருக்கும்போது மேப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தினமும் ராத்திரி அடுப்போரம் தாளை விரித்து அவரோடு மறுநாளைப் பேசினோம். அவர் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் நிலச்சரிவு, மாறிய பாலம், மூடிய தங்குமிடம் எல்லாம் பென்சிலில் ஏறின. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்திகள் அவை.

கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு 1,600 மீட்டர் இறக்கம், கிட்டத்தட்ட சேர்வராயன் மலையின் முழு உயரம். முழங்கால் நடுங்க இறங்கி, 108 நீர்த்தாரைகளின் கீழ் நனைந்து, அம்மாவுக்குத் தீர்த்தம் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் மேப்பிலிருந்த பென்சில் குறிப்புகளுக்கெல்லாம் தேதி போட்டு, தெளிவாகத் திரும்ப எழுதி வைத்தேன். அடுத்த வருஷம் அம்மாப்பேட்டையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் அதே நடைக்குப் போனார்கள். தாளை அவர்களிடம் கொடுத்து அனுப்பினேன். டிசம்பரில் திருப்பிக் கொடுத்தார்கள். என் குறிப்புகளில் மூன்றை அடித்து, பக்கத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தி, அவர்களும் தேதி போட்டிருந்தார்கள்.